வண்டி ஓட்ட நீ இருந்தாய்

காரை விற்கப்போகிறேன். வாங்குகிறவர் நாளைக்கு வந்து பார்க்கிறார் என்பதால் காலையில் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் கை விட்டபோது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது உன் சீரக மிட்டாய் பொட்டலம். எறும்பு மொய்த்து, கட்டியாக இறுகிப்போயிருந்தது. தூக்கிப் போடப் போனவன் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

குடிக்கச் சொல்லி வாய் நமநமக்கும்போதெல்லாம் நாலைந்து மிட்டாயை அள்ளிப் போட்டுக்கொள்வாய். கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். குடியை விடப்போகிறேன் என்று நீ முதலில் சொன்னது என்னிடம்தான். உன் மனைவியிடம்கூட அப்புறம்தான். "வெளிய சொல்லிக்காத மச்சி. தோத்துட்டா அசிங்கம்" என்றாய். "நான் இருக்கறன்டா, பாத்துக்கலாம்" என்றேன். ஷிப்ட் முடிந்ததும் இந்தக் காரிலேயே உன்னைப் பாகலூர் வரைக்கும் கொண்டுபோய், நீ வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். நல்லது செய்தவன்தான் நான், ஒரு மாதம் வரைக்கும்.

அப்புறம்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நாலு பேர் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் குடிக்கப் போவது உனக்குத் தெரியாததா! திரும்பும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லுமே என்று எங்களுக்குப் பயம். "குடிக்காத ஆளு ஒருத்தன் நம்மகிட்டயே இருக்கறப்ப இன்னாடா கவலை?" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சாவியை உன் கையில் திணித்தேன். அது உனக்கு ஒரு கௌரவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் பார், அங்கே இருக்கிறது என் யோக்கியதை.

முதல் இரண்டு வாரம் நீ காரிலேயே உட்கார்ந்திருந்தாய். வெயிலில் வேகிறாயே என்று நான்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். "சோடா குடி, யாரு இன்னா பண்ணப் போறாங்க?" எங்கள் டம்ளர்களுக்கு நடுவில் உன் சோடா. உன் தோளைத் தட்டி, பக்கத்து மேஜைக்காரரிடமெல்லாம், "ரெண்டு மாசமாச்சு சார், தொடல. சிங்கம்!" என்று காட்டினேன். நீ சிரித்தாய். மிட்டாயை மென்றுகொண்டே இருந்தாய்.

அடுத்த ஞாயிறு உன் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தபோது வெளியே வந்து கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாய். எங்களோடு எப்போதும் தமிழ்தான் பேசுவாய். பயந்தால் மட்டும் உன் வாயில் வீட்டுக் கன்னடம் வரும். மெஷினில் விரல் மாட்டப் பார்த்த அன்று அப்படித்தான் கத்தினாய். அன்றைக்கும், "பேடா மச்சி" என்றாய். "நிஜமா பேடா." வேண்டாம் என்று கெஞ்சுகிறாய் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டேதான், "ரொம்பப் பண்ணாத மாப்ள, பசங்க காத்துனு இருக்கறாங்க" என்று சாவியை நீட்டினேன். ஜன்னலிலிருந்து கையை எடுத்தாய். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாய்.

அன்றைக்கு நீ சோடா கேட்கவில்லை.

உன் கையில் டம்ளரைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, விழுந்துவிட்டானே என்று அல்ல. இனி வண்டியை யார் ஓட்டுவது என்று. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று நீ கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் உன்னைத் திட்டியதும் நான்தான்: "ரெண்டு மாசம் இருந்தவனுக்கு ஒரு நாள் இருக்க முடியலயா?" தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாய்.

அதற்கப்புறம் நீ விட முயலவே இல்லை. காமாலை முற்றி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஒரு வருஷத்துக்குள் போய்விட்டாய். காரியத்தன்று உன் மனைவி எல்லார் முன்னாலும், "இந்த அண்ணன்தான் அவருக்கு அவ்ளோ தைரியம் சொன்னாரு" என்று என்னைக் கும்பிட்டாள். வெட்கம்கெட்டவன், நானும் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் போன வாரம் அவள் போன் செய்தாள். அவள் தம்பி குடியை விடப் பார்க்கிறானாம். "நீங்க வந்து நாலு வார்த்த சொல்லுங்கண்ணா." இந்த முறை என்னால் மறைக்க முடியவில்லை. அத்திப்பள்ளியில் நடந்தது, நீ கெஞ்சியது, நான் சாவியை நீட்டியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வையட்டும் என்று காத்திருந்தேன்.

"தெரியும்ண்ணா" என்றாள். "அவரு போறவரைக்கும் உங்கள ஒரு வார்த்த குறை சொல்ல வுடல. இதையே வந்து அவன்கிட்ட சொல்லுங்க."

பிறகு தயங்கி, இன்னொன்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியைப் பார்க்கும்போது அதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. சட்டை மாற்ற நீ உள்ளே போனபோது, போகாதீங்க என்று அவள் கதவை மறித்தாளாம். அவள் கையை விலக்கிவிட்டு நீ, "கூப்புடறது அவனாச்சேடி, எப்படி வரலன்னு சொல்றது?" என்றாயாம்.