நடுத்தாளின் ஓட்டைகள்

இல்லை அம்மா, அப்பாவின் உயிலை நீதிமன்றம் இன்னும் ஏற்கவில்லை. உன் இடுப்பு வலி பரவாயில்லையா?

டென்வருக்கு வேலைக்குத் திரும்பும் வழியில், நீ கொடுத்தனுப்பிய உயிலோடு நம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். என்னோடு படித்த டார்லாதான் அங்கே எழுத்தர். உயிலின் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்டி கோரா, முதல் தாள்லயும் கடைசித் தாள்லயும் ஸ்டேப்ளர் பின் ரெண்டு தடவை குத்தியிருக்கு. நடுத்தாள்ல ஒரு தடவைதான். இது மட்டும் புதுப்பொண்ணாட்டம் வந்து உக்காந்திருக்கே!"

அண்ணன் வேட்மீதுதான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் அந்தத் தாளில்தான் வீடும் நிலமும் உனக்கே என்றும், அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்றும் இருக்கிறது.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு, அறை குளிர்கிறது. அந்தப் பின்னைக் கழற்றியது யார் என்று எனக்கு மட்டும் எழுது.

"உயில் இதுவரை யாரிடம் இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல், டார்லா தந்த படிவத்தை அறைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

கோரா