நான் தவறாக அளந்த உன் வரப்பு

என் அருமைத் தங்கச்சி செல்விக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மஞ்சள்காமாலை என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, "நீ வேலையப் பாருண்ணா, நான் நாலு நாள்ல வந்துடுவேன்" என்றாய். வரவில்லை. நேரில் சொல்ல வேண்டியதை இப்படி எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

உன் மக்காச்சோளக் கொல்லையின் வடக்கு வரப்பை நான் தவறாக அளந்துவிட்டேன், செல்வி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லைக்கல் ஒன்று காணாமல் போனதும், பக்கத்துக் கொல்லைக்காரர் பெரியசாமி உன் போர்வெல் தன் பக்கம் என்று கிளம்பினாரே? "வெளியாளு எதுக்கு, எங்க அண்ணனே சர்வேயரு" என்று என்னைக் கூப்பிட்டாய். அவரும் சரியென்றார். அன்றைக்குக் கோணம் அளக்கிற என் தியோடலைட் கருவி அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலையில் இருந்தது. போய் எடுத்துவர ஒரு நாள் ஆகும். ஒரு வரப்புக்குக் காம்பஸ் போதாதா என்று அதோடு வந்துவிட்டேன்.

போதாது. மேசைக்கு மூலை பார்க்க ஆசாரிக்கு மூலைமட்டம் போதும். காட்டுக்குள் திசை பிடித்து நடக்கக் காம்பஸ் போதும். ஒரு குடும்பத்தின் தண்ணீர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்க்கிற கோட்டுக்கு, முக்காலியில் நிறுத்தி, குழலைப் புரட்டிப் போட்டு இரண்டாவது தடவையும் கோணம் படிக்கிற தியோடலைட்தான் வேண்டும். இருபது வருஷம் அளந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். சோம்பேறித்தனம், வேறென்ன.

அதிலும் நான் நின்று கோணம் எடுத்த கல், கருப்புசாமி கோயிலை ஒட்டி இருக்கிறது. வேண்டுதலுக்கு நட்ட இரும்புச் சூலம் இருபதுக்குக் குறையாது. இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் ஊசி அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து, அளக்கத் தொடங்கிய முதல் கல்லைத் திரும்ப ஒரு தடவை பார்த்துப் படித்திருந்தால் தப்பு அப்போதே தெரிந்திருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் படிக்காமல் விட்டேன்.

போன வாரம் மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர், வேலி போட அளக்கச் சொன்னார். இந்தத் தடவை தியோடலைட்டோடு போனேன். என் பழைய கோடு மூன்று டிகிரி விலகியிருக்கிறது. நூறு மீட்டர் போவதற்குள் ஐந்து மீட்டர் நிலம் போய்விட்டது. போர்வெல் உன் கொல்லைக்குள்தான் இருக்கிறது. நாலு தடவை அளந்தேன், மாறவில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

என் கோட்டை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாய் என்று இருந்தேன். அதற்கப்புறம் இரண்டு கோடை, மாட்டுக்கு ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தாய். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் மகள் சுமக்கிறாள். மக்காச்சோளம் பூவிலேயே காய்கிறது. தொட்டதற்கெல்லாம் என்னோடு சண்டைக்கு வருகிறவள், இதற்கு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

பெரியசாமியிடம் போனேன். "நீங்கதானே சார் அளந்தீங்க? உங்க தங்கச்சியே கையெழுத்து போட்டுச்சு. அது செத்தப்புறம் கோட்ட நவுத்துறீங்களா?" என்கிறார்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தவிடு கலக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும் மச்சான். போர்வெல்லுக்கு அந்தாண்ட ஆறு சாலு, வருசா வருசம் அவதான வெதைச்சா? கோடு தப்புன்னு அன்னைக்கே சொல்லிட்டா. வெளிய சொன்னா எங்க அண்ணன இனிமே எவன் அளக்கக் கூப்புடுவான்னு கையெழுத்துப் போட்டுட்டா. என்னையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டா."

அடிப்பாவி, என் பேருக்காகவா குடம் சுமந்தாய்? முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கக் கூடாதா? அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், செல்வி?

வெள்ளிக்கிழமை தாலுகா சர்வேயர் வருகிறார். என் பழைய வரைபடம் தப்பு என்று எல்லார் முன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். போர்வெல் திரும்பக் கிடைக்குமா என்பதும் தெரியவில்லை, பெரியசாமி கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். ஒன்று மட்டும் சத்தியம். அது கிடைக்கிற வரைக்கும் உன் மகள் குடத்தைத் தொட மாட்டாள். உன் மாட்டுக்குத் தண்ணீரை நான் சுமப்பேன்.

உன்கூடப் பிறந்த
அண்ணன்