மழைச் செய்தியும் முடியாத ஆட்டமும்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

கனடாவில் இருக்கும் தம்பிக்கும் எனக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றால் அவசரமில்லை, பிறகு ஆறுதலாகப் பேசலாம். அடுத்தடுத்து மூன்று தரம் அடித்தால் ஏதோ ஆபத்து.

இன்று பின்னேரம் தொடங்கி எங்கள் ஊர் முரசுமோட்டையில் நல்ல மழை. விதைத்த வயல் தப்பிவிட்டது என்று சொல்ல இரவு ஒன்பது மணிபோல ஒரு தரம் அடித்தேன். அழைப்பு போனதோ இல்லையோ என்று சந்தேகம். மறுபடி அடித்தேன். ஏற்பாட்டை மறந்து மூன்றாவது தரமும் அடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே மூச்சிரைக்க அழைப்பு எடுத்தான். "அண்ணை, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையடா. மழை பெய்யுது."

பிறகு சிரித்தான். கோல்ஃப் போட்டியில் முதல் தடவையாக முன்னுக்கு நின்றவன், கடைசி நான்கு குழிகளையும் விட்டுவிட்டுக் காருக்கு ஓடி வந்து அங்கிருந்து பேசுகிறான்.

"திரும்பிப் போய் விளையாடேலாதோ?"

"ஏலாது அண்ணை. முடிக்காதவனுக்குப் போட்டியில இடமில்லை. ஆனா என்ர ஹண்டிகப்புக்கு இந்த ஆட்டம் சேரும்."

ஹண்டிகப் என்பது ஆட்டக்காரனின் தரத்தைக் காட்டும் எண்ணாம். விளையாடாத குழிகளுக்கு, அவன் வழமையாக எடுக்கக்கூடிய அடிகளைப் போட்டு நிரப்புவார்களாம். இடையில் விட்டதற்கு நியாயமான காரணம் மட்டும் இருக்க வேண்டுமாம்.

"என்ன காரணம் சொன்னனீ?"

"அண்ணை கூப்பிட்டவர் எண்டு. வேறென்ன? இப்ப மழை விட்டிட்டுதோ?"

அவன் ஒரு சொல் ஏசவில்லை. அவனுக்குக் கிடைக்கவிருந்த வெற்றிக் கிண்ணம் என்னால் போனதை நினைக்க நித்திரை வரவில்லை. அவன் விட்டுவிட்டு ஓடி வந்ததை நினைக்க, வெட்கத்துக்குள்ளும் ஒரு சந்தோஷம். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?