பல்செட்டின் உள்பக்கம்

6 ஜனவரி 2025
மேலண்ணம் மறுபடியும் சிவந்து எரிகிறது. பூஞ்சை மருந்து போட்டவரை நன்றாக இருந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. பல்செட் கட்டித்தந்த என் மருமகன் ராஜபாண்டி, "நீங்க சரியாக் கழுவல மாமா. மருந்து நல்ல மருந்துதான்" என்றார். தினமும் கழற்றி, தேய்த்து, தண்ணீரில் போட்டுத்தான் வைக்கிறேன். ஏதாவது ஒரு நாள் மறந்திருப்பேனோ?

19 ஜனவரி
மகள் வீட்டில் சாப்பாடு. பேத்திக்கு ஒரு வாய் ஊட்டப் போனேன். "நீங்க ஊட்டாதீங்கப்பா, வாயில பூஞ்சை இருக்குல்லா" என்றாள் அமுதவள்ளி. அவள் மாமியார் சிரித்தார்: "காலேஜுல காளானப் பத்திப் பாடம் நடத்துனவிய, இப்ப வாயிலயே வளக்காவ." நானும் சிரித்துவைத்தேன்.

3 பிப்ரவரி
கோவில்பட்டியில் வேறு டாக்டரிடம் போனால் மருமகனுக்குத்தான் தலைகுனிவு. கழுகுமலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினேன். டாக்டர் ரேணுகாதேவி பல்செட்டைத் திருப்பி, உள்ளே மெத்தென்றிருந்த லைனிங்கை அழுத்திப் பார்த்தார்.

"இது எப்ப வச்சது சார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஆயுசுக்கும் கவலையில்லன்னு சொன்னாவ."

"ஈறு ஆறுத வரைக்கும் வைக்கிறது இது. சில வாரத்துல எடுத்திருக்கணும். வாயில இருக்கிற பூஞ்சைய மருந்து கொல்லுது. இதுக்குள்ள படலமா ஒட்டியிருக்கிறத மருந்தால அசைக்க முடியல. அங்கன இருந்துதான் திரும்பத் திரும்ப வருது. நீங்க கழுவுனதுல குத்தமில்ல."

பூஞ்சைகள் தம்மைச் சுற்றிப் பசையைச் சுரந்து அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும். எனக்குத் தெரியாததா? ஏன் தோன்றவில்லை? வீட்டு ஆளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

5 பிப்ரவரி
அமுதவள்ளியிடம் மட்டும் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை.

"அவிய அப்பமே எங்கிட்ட சொன்னாவப்பா, மாத்தணும்னு. கிளினிக் வேலையில தள்ளிப்போச்சு. பொறவு சொன்னா அவிய பேருல்லா கெட்டுப்போவும்."

அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பிள்ளைக்கு ஊட்டாதன்னு சொல்லியிருக்கா. அத்தனை பேருக்கு முன்னால என்னைய அழுக்குப் பிடிச்சவனா ஒக்கார வச்சிருக்கா. எம் மகளா — இவளா?

6 பிப்ரவரி
டாக்டர் ரேணுகாதேவிக்குப் போன் செய்து, புதுப் பல்செட்டுக்கு நாள் கேட்டேன்.

21 மார்ச்
திருநெல்வேலியில் புதுப் பல்செட் கட்டி ஒரு மாதம். மருந்தை நிறுத்திய பின்னும் எரிச்சல் இல்லை. புதுசு கட்டியது தெரியாத மருமகன் போனில், "பாத்தீங்களா மாமா, ஒழுங்காக் கழுவுனதும் சரியாப் போச்சு" என்றார். "ஆமா மாப்பிள" என்றேன்.

9 ஏப்ரல்
காலை நடையில், பக்கத்துத் தெரு மளிகைக்கடை தங்கச்சாமி கூட வந்தார். "பல்லு பூராத்தையும் எடுத்தாச்சு அண்ணாச்சி. ஒங்க மருமகன்கிட்டயே செட் கட்டிரலாம்னு பாக்கேன். ஒரு வார்த்த சொல்லிவிடுங்களேன்."

டாக்டர் ரேணுகாதேவியிடம் போகத் திருநெல்வேலியில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொன்னேன்.