குளியலறைப் பக்கத்துச் சுவர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. கால் வீக்கம் வடிந்துவிட்டது, சாப்பாடும் இறங்குகிறது, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நீயும் மருமகளும் குட்டிப் பயலும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

போன மாதம் உன் அறையைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, கட்டிலுக்கு மேலே சுவரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பயலுக்குத் தூசி பட்டால் இரைக்கும், லீவுக்கு வரும்போது வெளியே அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாய். சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒரு சுவருக்காக என் பிள்ளை சொந்த வீட்டை விட்டு வெளியே தங்குவதா? அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்தேன், பளிச்சென்று போனது, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக வந்து நின்றது. வீம்புக்கு எண்ணெய் பெயின்ட் வாங்கி நானே அடித்தேன், பத்தே நாளில் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது.

கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஏம்மா, தண்ணி ஊத்தினா உப்பு கரைஞ்சு மறுபடி சுவருக்குள்ளதானே போகும், காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு, பேப்பர்ல வாரி வெளியே கொட்டணும், அதுக்கு மேல பெயின்ட்டைப் பூசி மூச்சை வேற அடைச்சு வெச்சிருக்கீங்களே என்று ஒரு பிடி பிடித்தார். தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்காம என்ன செஞ்சாலும் வீண்தான் என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குளியலறைக்குள் போனார். மூலையில் டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டெல்லாம் விட்டுப்போயிருந்தது. இங்க யாரு தினமும் குளிக்கிறாங்க என்று கேட்டார். நான் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். நீ போனதிலிருந்து காலையில் அந்தக் குளியலறைக் குழாயை வாளியில் திறந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால், நீ உள்ளே குளிக்கிறாய், இதோ வந்து பசிக்குது என்று கத்தப்போகிறாய் என்று இருக்கும். வாளி நிரம்பி வழிந்தாலும் போய் மூட மனசு வராது. பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள், தனியாக இருக்க முடியவில்லையப்பா.

கொத்தனார் இடுக்கை அடைத்து, பெயின்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டார். நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தால் போதுமாம். இருபது நாளாக நான் குழாயைத் தொடவில்லை. காலையில் வீடு பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. ஆனால் நேற்றுக் கறுப்புத் துணியால் சுவரைத் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு வெள்ளை ஒட்டவில்லை.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பயலின் இரைப்பு மருந்தை மறக்காமல் எடுத்து வா. வெளியே சொல்லி வைத்த அறையை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தக் குழாயை இனி நான் திறக்கப்போவதில்லை, நீயே வந்து திற.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா