படத்தில் மூன்று முறை விழுந்த அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

லெர்விக்கிலிருந்து மோர்வென்னா எழுதுவது. நான் நலம், இந்தத் தீவின் குளிர் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சனிக்கிழமை சர்ச் ஹாலில், நம் ஊர்த் துறைமுகத்தில் எடுத்த அந்தப் பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டார்கள். கூட்டத்தில் வேடிக்கை பார்க்கும் நீங்கள், போலீஸ்காரர் இடித்ததும் மீன்கூடையோடு தண்ணீரில் விழுகிறீர்கள். அவ்வளவு இளமையாக!

"ஐயோ, அது எங்கப்பா!" என்று கத்திவிட்டேன்.

"நெசமாவா? அந்த இடத்தை மறுபடி போடுங்கப்பா!" என்றார் பக்கத்திலிருந்த ரொட்டிக்கடைக்காரம்மா இங்கா. மூன்று முறை விழுந்தீர்கள், மூன்று முறையும் கைதட்டல்.

ஏழு மாதமாக இங்கே யாரும் என்னிடம் வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. மறுநாள் கடையில் இங்கா, "என்னடி, உங்கப்பா கரையேறிட்டாரா?" என்று கேட்க, வரிசையே சிரித்தது.

கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்று இங்காவுக்கு வேண்டுமாம். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், இப்போது எடுத்ததாக. தபால் படகு கிளம்புகிறது.

உங்கள் மகள்
மோர்வென்னா