சின்ன வண்டி விழுந்த இடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பாப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. உங்கள் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், அதைவிட நன்றாக என்னைத் திட்டுகிறார். என் தம்பி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான்.

நேற்று உங்கள் வக்கீல் வந்து, நீங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். நீங்கள் பொம்மை ரயில் ஓட்டுகிற பலகை சரிந்து தம்பியின் கைமேல் விழுந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று வெள்ளிக்கிழமை கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்களாம், சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்கள். மறைத்தால்தான் என்ன என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், அங்கே போய் நான் தடுமாறக் கூடாது.

பெரிய வண்டியும் சின்ன வண்டியும் ஒரே பாதையில் ஓட வேண்டும், அதற்கு மூன்று தண்டவாளம், அதில் ஒன்று இரண்டுக்கும் பொது என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். அந்தப் பாதை இரண்டாகப் பிரிகிற துண்டைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்றீர்கள். வேறொரு சின்ன அளவுக்குப் போட்ட வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கொண்டுவந்து, அந்தத் தாளின் மேலேயே தண்டவாளத்தை வைத்துப் பற்றவைத்தீர்கள். பாதையின் அகலம் கொஞ்சமும் பிசகவில்லை. பெரிய வண்டி ஜம்மென்று போனது. சின்ன வண்டி மட்டும் பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் தொபுக்கென்று விழுந்தது.

உங்கள் ரயில் கிளப்காரர்கள் வந்து சுற்றி நின்ற அன்றைக்கும் விழுந்து தொலைத்தது. தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தையல் கடைக் கட்டிங் மாஸ்டர் ஆயிற்றே, சும்மா இருப்பானா? என்ன மாமா, சட்டையப் பெரிசாக்குனா பட்டன் ஓட்டையையுமா பெரிசாக்குவாங்க, பட்டன் அதே பட்டன்தானே என்று கேட்டான். தாளைப் பெரிதாக்கியபோது சக்கரம் நுழைந்து போகிற சந்தும் சேர்ந்து பெரிதாகிவிட்டது, கடையில் வாங்கிய சக்கரம் பெரிதாகவில்லை, அதனால் சின்ன வண்டியின் ஒல்லிச் சக்கரம் சந்துக்குள் இறங்கிவிடுகிறது என்று விளக்கினான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதை நம்பித்தான் நான் டம்ளர்களைக் கழுவப் போனேன்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினீர்கள். வாங்க மாஸ்டர், இந்தக் கம்பியக் கொஞ்சம் பிடிங்க என்று கூப்பிட்டீர்கள். அவன் நம்பிக் கையை நீட்டினான். விரல்கள் மேஜையோரம் இருக்கிற வைஸின் இரும்புத் தாடைகளுக்குள் போனதும் கைப்பிடியை முறுக்கினீர்கள். அவன் அலறியதில் நான் ஓடி வந்து கைப்பிடியைத் திருப்பப் பார்த்தேன். உங்கள் முழங்கை என் வாயில் இறங்கியது, என் பல் ஒன்று தரையில் கிடந்தது. எலும்பு நொறுங்கினால் வெளியே கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்ப சொல்லுடா, எந்த ஓட்டை பெரிசு, சொல்லுடா என்று கேட்டுக்கொண்டே இன்னொரு சுற்று முறுக்கினீர்கள். கடைசியில் சுத்தியலை எடுத்து உங்கள் தோளில் ஓங்கி அடித்தேன். அப்போதுதான் விட்டீர்கள். தோள் இப்போது எப்படி இருக்கிறது?

தம்பிக்கு மூன்று விரல் போய்விட்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. டாக்டர் சொன்னபோது அவன் அழவில்லை. அக்கா, மாமா வெளிய வந்தா அடுத்து உன் கைதான் என்றான். சுத்தியலைத் தோளில் போட்டதற்குப் பதில் தலையில் போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், மறைக்கவில்லை.

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்கிறார் உங்கள் அம்மா. புருஷனைக் காட்டிக் கொடுக்கிறவள் உருப்படுவாளா என்றும் கேட்கிறார். பாப்பா அன்றைக்கு வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது யார் கூப்பிட்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். இன்று காலையில் நகம் வெட்ட நான் கேட்டேன், எனக்கே கையைத் தரவில்லை. அதற்குப் பிறகுதான் வக்கீலுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரித் தரையிலேயே படுத்துக் கிடந்து, என் துணியைக்கூடத் துவைத்துப் போட்ட மனிதரும் நீங்கள்தான். அதை அங்கே யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். யாரிடமும் வம்புக்குப் போகாதீர்கள். கம்பளி ஒன்று வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நான் கூண்டில் ஏறும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா